ஒன்றேகால் மணி நேரம்

என் நாத்தனாருக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது நான்தான். முகத்துக்கு நேரே கூப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

காயலின் முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிறது அவள் வீடு. கூரை சரிந்துவிட்டது, மராமத்து முடிகிற வரைக்கும் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். அவள் வீட்டுக்காரர் தூர்வாரும் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை கரைக்கு வந்தால் பெரிய விஷயம். தனியாக இருக்கிறவளை எங்காவது வாடகைக்குப் போய் இரு என்று சொல்ல என் கணவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் ஒன்பது மாதமாக நீண்டதற்குக் கொத்தனார்தான் காரணமே தவிர, பாவம், அவள் இல்லை.

ஆனால் வந்த முதல் வாரமே என் உப்பு டப்பா அடுப்புக்கு இடது பக்கம் குடியேறிவிட்டது. வலது கையில் கரண்டி இருக்கும்போது இடது கையால் உப்பு எடுப்பதுதான் வசதியாம். கத்திகள் நீளவாரியாக வரிசையில் நின்றன. ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருந்த என் தூண்டில் முட்களை அளவு பார்த்துப் பிரித்து, பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு, மேலே காகிதம் ஒட்டி எழுதியும் வைத்துவிட்டாள். எல்லாம் வசதியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களிடம் இருப்பது இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒரு கயாக் படகு. ஆரஞ்சு நிறம், அடியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. நான் அதில் போய்த் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவள். அவள் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள். தண்ணீர் வற்றும்போது காயலின் நடுவில் ஒரு மணல்மேடு தலைகாட்டும். சுற்றிலும் ஆழமான வாய்க்கால், நடந்து போக வழி கிடையாது. அவளை அங்கே இறக்கிவிட்டு நான் மீனுக்குப் போவேன். அவள் சின்ன முள்வாரியால் மணலைக் கீறி மட்டிகளை எடுப்பாள். ஒவ்வொன்றையும் ஓர் இரும்பு வளையத்தில் போட்டுப் பார்ப்பாள். வளையத்துக்குள் நுழைந்து விழுகிற சின்னது திரும்ப மணலுக்கே போகும், நுழையாத பெரியது கூடைக்கு. லாரி ட்யூப் ஒன்றில் காற்றடைத்து, அதன் நடுவில் கூடையைக் கட்டி, ட்யூப்பின் கயிற்றை இடுப்பில் முடிந்துகொள்வாள். மேட்டின் ஓரத்தில் கணுக்கால் தண்ணீரில் அவள் நகர நகரக் கூடையும் பின்னாலேயே மிதந்து வரும். தண்ணீர் திரும்பிய பிறகும் ஒரு மணி நேரம் மேடு தாங்கும். அதற்குள் நான் போய் அவளை ஏற்றிக்கொள்ள வேண்டும். அவளுக்கு நீச்சல் தெரியாது.

இந்த இடத்தில் தண்ணீர்க் கணக்கைச் சொல்லாமல் தீராது. படகுத்துறையில் ஒரு பலகை தொங்கும். மாதம் முழுவதற்கும் தண்ணீர் வற்றும் நேரமும் ஏறும் நேரமும் அதில் இருக்கும். ஆனால் அது முகத்துவாரத்துக்கான நேரம். அங்கிருந்து இரண்டு வளைவு திரும்பி, குறுகலான கால்வாயில் நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பலகையைப் பார்த்ததும் மனசுக்குள் ஒன்றேகால் கூட்டிக்கொள்வோம். யாரும் கூட்டி எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதி வந்து அடுக்களைக் காலண்டரில் குறிப்பது என் கணவருடைய வேலை.

நாத்தனார் வந்த இரண்டாவது மாதம், பலகை நேரத்தை அப்படியே நம்பி, துறைக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகவே வந்து வெயிலில் காத்துக் கிடந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "முகத்துவாரத்துக்காரிக்கு எங்க தண்ணி புரியுமா" என்று துறையிலிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடச் சிரித்தாள். அதோடு போயிற்று என்று நினைத்திருந்தேன்.

இந்த மாதம் பஸ் டிப்போவில் என் கணவருக்கு இரட்டை ஷிப்ட். காலண்டரில் நேரம் குறித்தது மேஸ்திரி. நீல மையில், முத்து முத்தான எழுத்தில். நான் கவனித்தது எழுத்தை மட்டும்தான்.

இந்த மாதம் நாங்கள் முதல் தடவை காயலுக்குப் போன நாள் அது, அமாவாசைக்கு மறுநாள். தண்ணீர் நன்றாக வற்றி வேகமாக ஏறுகிற நாள். வற்றி முடிந்து தண்ணீர் திரும்பும் நேரம் காலண்டரில் ஒன்பது இருபத்தைந்து என்று இருந்தது. நான் வழக்கம்போல் ஒன்றேகால் கூட்டினேன், பத்து நாற்பது. மேடு பதினொன்று நாற்பது வரை தாங்கும், பதினொன்றேகாலுக்குப் போய் ஏற்றிக்கொள்ளலாம். கணக்கு முடிந்தது.

கிளம்புகிற நேரத்தில்தான் சண்டை வந்தது. என் தூண்டில் ரீலைக் காணோம். எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவது, அன்றைக்கு அலமாரியின் மேல் தட்டில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தது. உப்புக்காற்று படாமல் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தாளாம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "இது உன் வீடா என் வீடா? எப்பத்தான் நீ உன் வீட்டுக்குப் போய்ச் சேருவே?" என்று கேட்டுவிட்டேன். அவள் முள்வாரியையும் ட்யூப்பையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் துறைக்கு நடந்தாள்.

கயாக்கில் வழியெல்லாம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மற்ற நாளாக இருந்தால், இன்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திரும்பும் என்று ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம். அன்றைக்கு அதுவும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடு ஏற்கெனவே அகலமாக வெளியே தெரிந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கணம் தோன்றியது. அமாவாசை வற்றம், காற்றும் கடல் பக்கமாகத் தள்ளுகிறது, அதனால்தான் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக மேஸ்திரி எதற்கும் விளக்கம் சொல்லாமல் இறங்கிப் போனாள். கந்தல் துணி கட்டிய தன் மூங்கில் கம்பை மேட்டின் நடுவில் குத்தினாள்.

"தண்ணி திரும்பி ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடறேன்" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் போன இடம் இடிந்துபோன பழைய பாலத்தடி. வளைவுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மேடு கண்ணில் படாது. பாலத்தின் தூண்களைச் சுற்றித் தண்ணீர் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆழம் அதிகம், கொடுவா நிற்கிற இடம். இரண்டு மணி நேரம் போல ஒன்றும் கடிக்கவில்லை. காலையில் நான் சொன்னது தொண்டையில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் மேல் இருந்த கோபம் தணிந்து, என் மேல் வந்து, அதுவும் சலித்துப்போன நேரத்தில் தூண்டில் வளைந்தது.

நல்ல கனமான கொடுவா. கயாக்கையே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. தூணைச் சுற்றி ஓடித் தூண்டில் நரம்பை அறுக்கப் பார்த்தது. நான் ஒரு காலைத் தண்ணீரில் போட்டுக் கயாக்கைத் திருப்பி, விட்டுப் பிடித்து, இருபது நிமிஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி வலைக்கரண்டியில் தூக்கினேன். சாக்கில் போட்டு ஈரத்துணியால் மூடிவிட்டு, மூச்சு வாங்க ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்த கைக்குத் தூண் வழவழவென்று இருந்தது. அந்தத் தூணில் என் தலை உயரத்துக்குச் சிப்பி மொய்த்திருக்கும். வற்றம் நடக்கும்போது அதைப் பிடித்தால் கை கிழிந்துவிடும். குனிந்து பார்த்தேன். சிப்பி எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. என் கணக்குப்படி தண்ணீர் இப்போதுதான் திரும்பியிருக்க வேண்டும்.

காரணம் புரியவில்லை, ஆனால் தண்ணீர் வெகுநேரமாக ஏறிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அதற்குப் பிறகு நான் துடுப்புப் போட்ட வேகம் என் வாழ்நாளில் போட்டதில்லை.

வளைவைத் திரும்பியதும் மேடு இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சமாவது. ஒரு முதுகளவு மணலாவது. ஒன்றுமே இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வெயிலில் பளபளத்துக்கொண்டு தண்ணீர்தான் கிடந்தது. நடுவில் அவளுடைய கம்பு மட்டும் கந்தல் துணியோடு சாய்ந்து நின்றது. பக்கத்தில் போய்த் துடுப்பை இறக்கிப் பார்த்தேன். மேட்டின் உச்சியிலேயே என் இடுப்புக்கு மேல் ஆழம். இழுப்பும் பலமாக இருந்தது.

அப்போதுதான் என் காலடியில் கிடந்ததைப் பார்த்தேன். அவளுடைய மிதவைச் சட்டை. குனிந்து வாரும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று எப்போதும் கழற்றிக் கயாக்கிலேயே போட்டுவிட்டு இறங்குவாள். அவள் போனும் என் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது.

கத்தினேன். "எம்மா" என்று கத்தினேன், "எங்கேம்மா இருக்கே" என்று கத்தினேன். கம்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வடக்கே கொஞ்ச தூரம் போனேன், திரும்பி வந்தேன், தெற்கே போனேன். என் புத்தி என் கையில் இல்லை. அவரிடம் என்ன சொல்வேன் என்று ஒரு பக்கம் ஓடியது. காலையில் வீட்டை விட்டுப் போகச் சொன்னாள், எட்டு மணிக்கு மேட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று துறையே பேசும். பேசட்டும். யார் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், அவள் மட்டும் எங்காவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எப்பத்தான் போய்ச் சேருவே என்று கேட்ட வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது. நான் அவளிடம் கடைசியாகப் பேசிய பேச்சா அது?

கை சோர்ந்து துடுப்பு மடியில் விழுந்தபோது கயாக் தானாக நகர்வதைக் கவனித்தேன். மெதுவாக, ஆனால் நிச்சயமாக, ஒரே பக்கமாக. மிதவையைப் போட்டுவிட்டு அது போகிற வழியைப் பார்த்து மீன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிற தொழில் என்னுடையது. இருபது வருஷமாகச் செய்கிறேன். அவளிடம் ட்யூப் இருந்தது. ட்யூப்பைப் பிடித்திருந்தால், தண்ணீர் அவளை எங்கே கொண்டுபோனதோ அங்கேதான் என்னையும் கொண்டுபோகும். வேகமாகப் போட வேண்டும் என்று கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பைத் தூக்கிக் குறுக்கே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை எதுவும் இல்லை. தண்ணீருக்கு ஓர் அவசரமும் இல்லை. நேராகப் போகும் என்று நான் நினைத்த இடத்தில் இடது பக்கம் ஒதுங்கியது. ஒரு சுழியில் நிறுத்தி, அரை வட்டம் அடித்து, மறுபடி கிளப்பியது. பிறகு கிழக்குக் கரையில் அலையாத்தி மரங்கள் அடர்ந்த இடத்தை நோக்கி வேகம் பிடித்தது. நானாகத் தேடியிருந்தால் அந்தப் பக்கம் கடைசியாகத்தான் போயிருப்பேன்.

வேர்களுக்கு நடுவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. ட்யூப். அதன் மேல் யாரும் இல்லை.

கத்த வாயைத் திறந்தேன். ஒன்பது மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததுதான் வெளியே வந்தது. "மேஸ்திரி" என்று அலறினேன். "மேஸ்திரி, மேஸ்திரி!"

பிறகு மரத்துக்குள்ளிருந்து, உலர்ந்துபோன தொண்டையில் பதில் வந்தது.

"மேஸ்திரி இங்கதான் இருக்கா, அண்ணி."

கிளை ஒன்றில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு, முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிந்தது, மற்றபடி முழுசாக இருந்தாள். நான் கயாக்கை வேரில் முட்டவிட்டு, இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நடந்து போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் எட்டியது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒன்பது மாதத்தில் இறக்கி வைக்காத பாரமெல்லாம் சேர்ந்து இறங்கிய மாதிரி அப்படி ஓர் அழுகை. அவள் என் தலையில் ஒட்டியிருந்த பாசியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் அவளுக்கு ஒழுங்குபடுத்த ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

அவளை முன்னால் உட்காரவைத்து, மிதவைச் சட்டையை நானே மாட்டி, பட்டையை இறுக்கினேன். இரண்டு பேரும் தண்ணீர் குடித்தோம். நடந்ததை அவள் நிதானமாகச் சொன்னாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் கூடையை அவிழ்த்து, மட்டிகளை வலைப்பையில் கொட்டிக் கம்பின் அடியில் கட்டிவிட்டாளாம். பிறகு ட்யூப்புக்குள் நுழைந்துகொண்டு கம்பைப் பிடித்து நின்றிருக்கிறாள். இடுப்புக்கு வந்தபோது இழுப்புத் தாங்காமல் கை விட்டுப்போனது. மரத்தடிக்கு வந்ததும் கிளையைப் பிடித்து ஏறிக்கொண்டாள். மட்டி பத்திரமாகத்தான் இருக்கும், போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். சாகக் கிடந்தவள் மட்டியை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நேரம் எப்படித் தப்பியது என்று பிறகுதான் பேசினோம். காலண்டரில் ஒன்பது இருபத்தைந்து, அதோடு ஒன்றேகால் என்று நான் ஆரம்பித்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, நான் கூட்டித்தான் எழுதினேன். பலகையில எட்டு பத்துன்னு இருந்துச்சு. அன்னைக்கு மாதிரி மறுபடியும் தப்பாயிடக் கூடாதேன்னு மாசம் முழுக்க நானே கூட்டி எழுதிட்டேன்."

ஒன்றேகாலை அவள் ஒரு தடவை கூட்டினாள், அதன் மேல் நான் ஒரு தடவை கூட்டினேன். துறையில் அத்தனை பேர் முன்னால் நான் சிரித்த சிரிப்பு அவளைக் கூட்ட வைத்திருக்கிறது. காலையில் நான் பேசிய பேச்சு, அதைச் சொல்ல விடாமல் அவள் வாயை அடைத்திருக்கிறது. சொல்லியிருக்கணும், என் தப்புதான் அண்ணி என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் தப்பு ஒன்றும் இல்லை என்று என்னால் ஒரே ஒரு தடவைதான் சொல்ல முடிந்தது. துடுப்பை எடுத்துக் கயாக்கைக் கம்பு இருந்த பக்கம் திருப்பினேன்.

கம்படியில் வலைப்பையை மேலே இழுத்தோம். நிறைய இருந்தது. அதை நடுவில் வைத்துவிட்டுத் துறைப் பக்கம் திரும்பினோம். கேட்காமல் விட்டால் இனி என்றைக்கும் கேட்க மாட்டேன் என்று தெரிந்ததால் கேட்டேன்.

"நான் வேணும்னே விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சியா?"

அவள் துடுப்பை நிறுத்தினாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"நினைச்சேன், அண்ணி. தண்ணி இடுப்புக்கு வந்தப்ப ஒரு நிமிஷம் நினைச்சேன்."

நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். உங்களுக்குக் கோபம் வந்தா எல்லாத்தையும் வாயாலயே தீர்த்துடுவீங்க. காலையிலயே முழுசா திட்டிட்டீங்க, மிச்சம் ஒண்ணும் வைக்கல. அதனால எப்படியும் வருவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தான் ட்யூப்பை விடாம பிடிச்சுக்கிட்டேன்."

என் வாயைப் பற்றி என் அம்மா சொல்லியிருக்கிறாள், மாமியார் சொல்லியிருக்கிறார், என் கணவர் தினம் சொல்கிறார். அதை நம்பி ஒரு மனுஷி உயிரோடு இருந்திருக்கிறாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. முன்னால் சேறு காய்ந்துகொண்டிருந்த அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆரம்பித்தேன். மிதவைச் சட்டையைக் கழற்றுகிறவளுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். போனை இன்னொருத்தி டப்பாவில் வைத்துவிட்டுத் தண்ணீருக்கு நடுவில் நிற்பது எந்த ஊர் ஒழுங்கு என்று கேட்டேன். மட்டிக்கு முடிச்சுப் போடுகிற நேரத்தில் ஒரு தடவையாவது கத்திப் பார்த்தாளா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவள் துடுப்புப் போட்டுக்கொண்டே "சரி அண்ணி" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

துறை தெரிய ஆரம்பித்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

"நாளையிலேர்ந்து நீச்சல் கத்துக்கணும். நான்தான் சொல்லித் தருவேன்."

"சரி அண்ணி."

"கூரை வேலை முடிஞ்சா ஒரு நாள்கூட எங்க வீட்டுல இருக்கக் கூடாது."

"சரி அண்ணி."

"முடியறதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட நகரக் கூடாது."

முன்னால் அவள் தோள் குலுங்கியது. அவள் துடுப்புப் போடுவதை விட்டுவிட்டாள். மிச்ச தூரத்தை நானே போட்டேன்.